தண்ணீர் ஊசி

புளியங்குட்டை,
நெல்லிவாசல்நாடு.
12-2-1984

அண்ணிக்கு நீலாவதி எழுதுவது.

வழக்கமான நலம் விசாரிப்பை இந்தத் தடவை எழுத மனம் வரவில்லை. நீங்கள் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. உங்கள் தம்பி அதை உச்சி வெயிலில் கூடக் கழற்றுவதில்லை. ஏன் என்று போன வாரம்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வெந்நீர் ஊற்றலாம் என்று குளிக்கும் இடத்துக்குப் போனேன். அவர் தொடையில் கொய்யாக்காய் அளவு கட்டி, உடைந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. கையெல்லாம் ஊசிக் குத்து, கறுத்துப் போன நரம்பு. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது. "இன்னாங்க இது?" என்று கேட்டேன். சர்க்கரை வியாதியாம், இன்சுலின் போட்டுக்கொள்கிறாராம். அன்றைக்கு மத்தியானம் இரண்டு டம்ளர் பாயசம் குடித்தவர் இவர்.

மறுநாள் கேழ்வரகு மாவுப் பானையில் கை விட்டேன். அடியில் துணியில் சுற்றிப் பதினோரு கண்ணாடிக் குப்பிகள், எல்லாம் உடைத்துக் காலியானவை. மேலே பெத்தடின் என்று எழுதியிருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அந்தப் பானை மாவில்தான் ஒரு மாதமாகக் களி கிண்டினேன். கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

அவர் வேலை பார்க்கும் அறக்கட்டளை ஆஸ்பத்திரிக்கு டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் மலையேறி வருவார். மற்ற ஆறு நாளும் கம்பவுண்டரான இவர்தான் எல்லாம். மருந்து பீரோ சாவி இவர் இடுப்பில். நீங்கள் நர்ஸ். இது என்ன மருந்து, இதிலிருந்து ஒரு மனிதனை எப்படி மீட்பது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். இங்கே வேறு யாரிடமும் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

நீலாவதி

---

லெஸ்டர், இங்கிலாந்து.
1-3-1984

நீலாவதிக்கு,

உன் கடிதத்தை ட்யூட்டி அறையில் நின்றபடியே படித்தேன். முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. கட்டிய புருஷனைப் பற்றி நாற்றம், வாந்தி என்றெல்லாம் எழுதுகிறாயே, அவன் ராஜவேலு, என் தம்பி. சின்ன வயதில் பூனைக்குட்டிக்கு அடிபட்டால் கூட அழுகிற பிள்ளை அவன்.

சரி. பெத்தடின் என்பது அபின் மாதிரியான மருந்து. ஆபரேஷன் வலிக்கும் எலும்பு முறிவுக்கும் போடுவது. பழகிப் போனால் சட்டென்று நிறுத்த முடியாது, நிறுத்தினால் உடம்பு முறுக்கும். அதற்கு இங்கே மெத்தடோன் என்று ஒரு பச்சை சிரப் இருக்கிறது. நான் இப்போது வேலை பார்ப்பதே அந்தப் பிரிவில்தான். தினமும் காலையில் வரிசையில் வருவார்கள், அளந்து ஊற்றிக் கொடுப்பேன், என் கண் முன்னாலேயே குடிப்பார்கள். ஊசியை மறந்து வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

அந்த மருந்தின் பெயரைத் தனியாகப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். திருப்பத்தூரில் கேள். இல்லாவிட்டால் வேலூரில் கட்டாயம் இருக்கும். ஆனால் யாருக்கு என்று சொல்லாதே. தூரத்துச் சொந்தம் என்று சொல். படவேட்டில் உன் அப்பாவுக்குத் தெரியக் கூடாது, ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தெரியவே கூடாது. வேலை போய்விட்டால் அவன் இன்னும் கெட்டுப் போவான்.

கட்டியை வெந்நீரில் கழுவி, டெட்டால் போட்டுக் கட்டு. முகம் சுளிக்காமல் செய்.

சம்பூர்ணம்

---

புளியங்குட்டை.
25-3-1984

அண்ணிக்கு,

கட்டியைக் கழுவிக் கட்டினேன். முகம் சுளித்துக்கொண்டுதான் செய்தேன். முகம் அவர் பக்கம் இல்லை, அதனால் அவருக்குத் தெரியாது.

உங்கள் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜீப்பில் மூட்டைகளோடு மூட்டையாகத் திருப்பத்தூர் போனேன். நான்கு மருந்துக் கடைகள். ஒரு கடைக்காரர் காகிதத்தை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வயலுக்கு அடிக்கிறதா, மனுசனுக்குக் குடுக்கிறதாம்மா?" என்றார். ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். தூரத்துச் சொந்தக்காரனுக்கு நான் எப்படிக் குழந்தை பெறுவது என்று கேட்க வாய் வரை வந்தது. இன்னொருவர் குடியை மறக்கடிக்கிறவர் என்று போர்டு மாட்டியிருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாளிகளைக் கழுவாமலே அடுத்தவனுக்குக் கொடுத்தார் ஒரு ஆள். வந்த வழியே திரும்பினேன்.

அண்ணி, இதெல்லாம் ஒன்றுமில்லை. நான் மலையேறி வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

செல்லியம்மாள் என்று மேல் குடிசையில் ஒரு பெண். சாமை விதைக்கிறவள், எனக்குத் தேன் கொண்டு வந்து தருவாள். கோயில் புளியமரத்தில் ஏறி உலுக்கும்போது கிளை முறிந்து விழுந்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. டோலி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். உங்கள் தம்பி ஊசி போட்டார். கையெல்லாம் அன்பாகத் தடவி, "அஞ்சு நிமிசம்மா, வலி போய்டும்" என்று சொல்லித்தான் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

வலி போகவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், மாடு கத்துகிற மாதிரி கத்தினாள். திருப்பத்தூர் ஜீப் சாயங்காலம்தான். இவர் எங்கே என்று பின் அறைக்குப் போனேன். சுவரில் சாய்ந்து, வாய் ஓரம் எச்சில் ஒழுக, அரைக்கண் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெத்தடின் குப்பி. வெளியே மேஜையில் அவளுக்குப் போட்ட குப்பி கிடந்தது. அதில் டிஸ்டில் வாட்டர் என்று எழுதியிருந்தது.

அவளுக்குத் தண்ணீர். இவருக்கு மருந்து. அவள் கத்துவது அந்த அறை வரைக்கும் கேட்டது அண்ணி. அதைக் கேட்டுக்கொண்டே சிரித்தார்.

பூனைக்குட்டி கதையை இனி எனக்கு எழுதாதீர்கள்.

நீலாவதி

---

லெஸ்டர்.
10-4-1984

நீலாவதிக்கு,

இரண்டு நாள் எழுதவில்லை. மூன்றாம் நாள் எழுதுகிறேன்.

அவன் செய்தது தப்பு. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அவன் இல்லை, அந்த மருந்து. இங்கே இதைவிட மோசமானதெல்லாம் பார்க்கிறேன். தாயின் கல்யாண மோதிரத்தை விற்றவன், குழந்தையைப் பூட்டிவிட்டுப் போனவள். அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் வலி. எலும்பு கூடிவிடும். அவளுக்கு வேறு ஏதாவது உதவி செய்துவிடலாம். அவனுக்கு வேலை போனால், ஜெயில் என்று வந்தால், திரும்ப ஒட்டவைக்க முடியாது.

வேலூருக்குப் போ. பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கிற ஊர், யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். நான் இங்கிருந்து பாட்டிலில் அனுப்பலாமா என்று கூட யோசித்தேன். டிசம்பரில் லீவில் வருகிறேன், அப்போது எல்லாவற்றையும் பேசிக்கொள்வோம். அதுவரை சத்தம் போடாதே. சாவியை நீ வாங்கி வைத்துக்கொள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறை.

உன் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். நீயும் என் கடிதங்களைக் கிழித்துவிடு.

சம்பூர்ணம்

---

புளியங்குட்டை.
2-5-1984

அண்ணிக்கு,

ஒரு நாள் வலி என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பத்துத் தடவை படித்துவிட்டேன்.

இந்த மலையில் மாத்திரையை யாரும் நம்புவதில்லை, ஊசியைத்தான் நம்புவார்கள். ஊசி போட்டால் நோய் போக வேண்டும். போகாவிட்டால் ஊசியில் குறை என்று நினைக்க மாட்டார்கள், உடம்பில் குறை என்று நினைப்பார்கள். சாமி கோபித்துக்கொண்ட உடம்பில் ஊசி ஏறாது என்பது இவர்கள் நம்பிக்கை. செல்லியம்மாள் விழுந்தது கோயில் மரத்திலிருந்து. கம்பவுண்டர் கையால் போட்ட ஊசியே அவளுக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் அவள் தீட்டோடு மரத்தில் ஏறியிருக்கிறாள் என்று ஊர் கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இல்லை என்று அவள் அழுதாளாம். "அப்போ ஊசி இன்னாத்துக்கு ஏறலை?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் ஆஸ்பத்திரிப் பின் அறையில் இருந்தது.

இப்போது குடும்பத்தையே தள்ளி வைத்திருக்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, யாரும் நெருப்பு தரக் கூடாது, கூலிக்குக் கூப்பிடக் கூடாது. மகள் பாஞ்சாலைக்குப் பேசி வைத்த கல்யாணம் நின்றுவிட்டது. செல்லியம்மாள் காலில் மாவுக்கட்டோடு ஊருக்கு வெளியே ஒரு ஓலைச் சாய்ப்பில் கிடக்கிறாள். நான் கஞ்சி கொண்டு போனேன். "நீ வராத யம்மா, ஒனக்கும் ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு, "அப்படி இன்னா பாவம் பண்ணேன்னு எனக்கே தெரியல, நெனச்சு நெனச்சுப் பாக்கறேன்" என்றாள். உட்கார்ந்து யோசிக்கிறாள் அண்ணி. செய்யாத பாவத்தை ஞாபகப்படுத்திப் பார்க்கிறாள்.

நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் தம்பிமேல் வந்த அருவருப்பு அன்றைக்கு என் மேலேயே வந்தது. வீட்டுக்கு வந்து கையை மூன்று தடவை கழுவினேன்.

சாவியை வாங்கி வைக்கச் சொன்னீர்கள். வாங்கினேன். இரண்டாம் நாள் மூக்கும் கண்ணும் ஒழுக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயிலேயே போய்விட்டு, என்னை எந்தப் புருஷனும் பெண்டாட்டியைச் சொல்லாத வார்த்தை சொன்னார். மூன்றாம் நாள் பீரோவை உடைத்துவிட்டார்.

வேலூர் போனேன். மூன்று ஆஸ்பத்திரி சுற்றிய பிறகு ஒரு மனநல டாக்டர், வயதானவர், உங்கள் காகிதத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "படிச்சிருக்கேம்மா. கண்ணால பாத்ததில்லை. நம்ம நாட்ல இது வர்றதுக்கு நான் உயிரோட இருப்பேனான்னு தெரியாது" என்றார். தூரத்துச் சொந்தம் என்ற பேச்சை அவர் நம்பவே இல்லை. "எத்தினி வருசமா உங்க வூட்டுக்காரர் போட்டுக்கிறாரு?" என்று நேராகக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மெத்தடோன் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் அபினைக் கரைத்த டிங்சர் இருக்கிறது. அதைச் சொட்டுக் கணக்கில் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரலாம். அவர் வார்டில் வைத்துப் பார்க்கத் தயார். ஆனால் ஒரு கண்டிப்பு. மருந்து கிடைக்கிற இடத்தை முதலில் அடைக்க வேண்டும். ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்து, இவர் அந்த வேலையை விட்ட பிறகுதான் சேர்ப்பார். "திரும்பிப் போனா அதே பீரோ முன்னாடி நிக்கப் போறவருக்கு நான் வைத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.

ஆகவே வைத்தியம் வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். செல்லியம்மாளுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டுமானாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். டிசம்பர் வரை நீங்கள் பொறுக்கச் சொன்னீர்கள். உங்கள் பதிலுக்காக இந்த மாதக் கடைசி வரை பொறுக்கிறேன்.

நீலாவதி

---

லெஸ்டர்.
16-5-1984

நீலாவதிக்கு,

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். எழுதிக் கொடுத்தால் போலீஸ் வரும். மலை ஜனங்கள் முன்னால் சொன்னால் அவனை வெட்டிப் போட்டாலும் கேட்பாரில்லை. அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தவள் நான். காது குத்தியது, கம்பவுண்டர் பரீட்சைக்குப் படிக்கவைத்தது, உன்னைப் பெண் பார்த்தது எல்லாம் நான்.

இன்னொன்றும் நான்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுபத்தெட்டில் லீவில் வந்திருந்தபோது அவனுக்குச் சிறுநீரகக் கல். துடித்தான். முதல் பெத்தடின் ஊசியை நான்தான் போட்டேன். டாக்டர் இரண்டு நாள் என்றார். அவன் கெஞ்சினான், நான் எட்டு நாள் போட்டேன். என் தம்பி வலி பொறுக்க மாட்டான் என்று போட்டேன். நீ அந்தப் பெண் கத்தியதை எழுதினாயே, அதைப் படிக்கும்போது எனக்கு அவன் குரல்தான் கேட்டது. அதனால்தான் அவளுக்கு ஒரு நாள் வலி என்று எழுதினேன். இப்போது திரும்ப நினைத்தால் கூசுகிறது.

இங்கே காலையில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் அம்மாக்களை நான் மனதுக்குள் எவ்வளவு கேவலமாக நினைத்திருக்கிறேன் தெரியுமா? வளர்த்த லட்சணத்தைப் பார் என்று. அவர்களுக்குச் சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் பிரிப்பேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபடியும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். என்னால் வேறு மாதிரி எழுத முடியவில்லை.

சம்பூர்ணம்

---

வேலூர்.
20-6-1984

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும் செய்திருப்பேன்.

முதலில் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கு எழுதிப் போட்டேன். செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். உங்கள் தம்பி வேலை போயிற்று. போலீஸ் வரவில்லை. ஆஸ்பத்திரி பெயர் கெடும் என்று அவர்களுக்கும் பயம்.

அன்று சாயங்காலம் ஊர்ப் பெரியவர் மாதையன் வீட்டுக்குப் போய், ஊரைக் கூட்டச் சொன்னேன். ஒரு பொம்பளை ஊரைக் கூட்டச் சொல்வதா என்று முணுமுணுத்தார்கள், கூட்டினார்கள். நின்றுகொண்டு சொன்னேன். "ஊசியில மருந்து இல்லீங்க, வெறுந்தண்ணி. மருந்தை எங்க வூட்டுக்காரரு தனக்கே போட்டுக்கிட்டாரு. செல்லியம்மா மேல ஒரு பாவமும் இல்லீங்க" என்றேன்.

யாரும் கத்தவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. முனிசாமி என்கிறவர், போன வருஷம் பாம்பு கடித்து மகனை இழந்தவர், "எங்க புள்ளைக்கும் தண்ணிதான் போட்டாரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அதன் பிறகு எத்தனை பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள் தெரியுமா? காய்ச்சலுக்குப் போட்டது, பிரசவத்துக்குப் போட்டது, எல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தெரியாது என்றேன். இனி அந்த மலையில் யார் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறார்கள்?

கடைசியில் மாதையன் சொன்னார்: "நீ சொன்னதை நாங்க நம்பறோம். ஆனா பொண்டாட்டி சொன்னா செல்லாது. தப்புப் பண்ணவன் வந்து ஊர் நடுவுல நின்னு, யாருக்குப் பண்ணான்னு அவ பேரைச் சொல்லிச் சொல்லணும். அப்பத்தான் அவ மேல இருக்கற பேச்சு கழியும்." அதுவரைக்கும் கிணற்றில் தண்ணீர் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நெருப்பு, கூலி, பாஞ்சாலையின் கல்யாணம் எல்லாம் அவர் வந்து சொன்ன பிறகுதான்.

அவரை ஜீப்பில் ஏற்றியது சின்னராசு என்கிற டிரைவர். வழியெல்லாம் வாந்தி. என் மடியில்தான். வார்டில் சேர்த்துப் பதினான்கு நாள் ஆகிறது. காலையிலும் சாயங்காலமும் நர்ஸ் சொட்டு எண்ணி ஊற்றுகிறாள், நான் நின்று அவர் விழுங்குவதைப் பார்க்கிறேன். டாக்டர் அது என் வேலை என்று சொல்லிவிட்டார். முதல் வாரம் வாயிலேயே அடக்கி வைத்து, யார் கண்ணுக்கும் படாமல் சேர்த்து வைக்கப் பார்த்தார். எச்சிலோடு துப்பிய மருந்தைத் தலையணை உறைக்குள் கண்டேன். என்னால் தாங்க முடியவில்லை, அடித்துவிட்டேன். வார்டே பார்த்தது.

அண்ணி, நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அருவருப்பு போகவில்லை. அவர் கை என் மேல் பட்டால் உடம்பு கூசுகிறது. முதல் ஊசியை நீங்கள் போட்டீர்கள் என்று எழுதினீர்கள். கோபம் வந்தது, அப்புறம் அடங்கியது. எட்டு நாள் ஊசி உங்களுடையது. அந்தத் தண்ணீர் ஊசி அவருடையது. இரண்டையும் நான் கலக்க மாட்டேன். டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே வாருங்கள். எனக்குப் பதிலாகப் பத்து நாள் இங்கே நின்று அவர் விழுங்குவதைப் பாருங்கள். நீங்கள் அங்கே ஊரார் பிள்ளைகளுக்குச் செய்கிற வேலைதானே.

ஊரில் வந்து சொல்ல வேண்டும் என்பதை அவரிடம் ஐந்தாம் நாளே சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்தாம் நாள் மறுபடியும் சொன்னேன், செத்தாலும் வர மாட்டேன் என்றார். பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சொட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை மருந்தை விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டினார், நான் கேட்காமலே. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொம்பளை பேரு இன்னா?" என்று கேட்டார்.

எந்தப் பொம்பளை என்று கேட்டேன். தெரியாமல் இல்லை. அவர் வாயால் வரட்டும் என்று கேட்டேன்.

"கால் ஒடஞ்சுதே. நான் தண்ணி போட்டேனே. அவ" என்றார்.

நாலு வருஷமாக அந்த மலையில் இருந்தவர். அவள் கொண்டு வந்த தேனைத் தின்றவர். பேர் கூடத் தெரியாமல்தான் அவள் கையைத் தடவிக்கொண்டு ஊசி போட்டிருக்கிறார்.

செல்லியம்மாள் என்றேன். ஒரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். சரியாகக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லச் சொன்னேன். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்.

நீலாவதி